காற்றுக்கும் வெயிலுக்கும் யார் விலை ஏற்றியது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வருவது நூற்றுக்கு நூறு காற்றாலை, சூரிய மின்சாரம் என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் 2022-ல் ரஷ்யா சண்டை வந்து கேஸ் விலை ஏறியபோது இவர்களுடைய கரண்ட் பில்லும் கூடவே ஏறிவிட்டது, அதுவும் சாதாரண மின்சாரம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏறிய அதே அளவுக்கு. காற்றுக்கும் வெயிலுக்கும் யார் விலை ஏற்றியது? நல்லது செய்ய நினைத்தவர்களை இப்படி ஏமாற்றலாமா? (வாசகி, வில்லாபுரம், மதுரை)

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தைப் பார்த்தேன். 2022 நவம்பர் மாதத்துப் பில். மேலே பச்சை இலை படம், ‘100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே யூனிட் விலை 34 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு). ஒரு வருடம் முன்னால், 2021 அக்டோபரில், இதே யூனிட் சுமார் 21 பென்ஸ்தான். 34 என்பதும் அரசாங்கம் கையிலிருந்து பணம் போட்டுப் பிடித்து நிறுத்திய விலை, நிறுத்தாமல் விட்டிருந்தால் 52 பென்ஸ் வரைக்கும் போயிருக்கும். அந்த இலைக்கும் இந்த விலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதுதான் விஷயம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் மறுநாளைக்குத் தேவைப்படும் மின்சாரம் முந்தின நாளே மணிவாரியாக ஏலத்துக்கு வருகிறது. நாளை மாலை 6 மணிக்கு நாட்டுக்கு இவ்வளவு வேண்டும் என்றால், குறைந்த விலைக்குத் தருகிறவரை முதலில் எடுத்துக்கொள்வார்கள். காற்றாலைக்கும் சூரிய மின்நிலையத்துக்கும் எரிபொருள் செலவே கிடையாது என்பதால் அவை வரிசையில் முதலில் நிற்கும், அப்புறம் அணுமின் நிலையம். இதெல்லாம் எடுத்தும் போதவில்லை என்றால் கடைசியாகக் கேஸ் நிலையத்தை, அதாவது இயற்கை எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கடைசியாகக் கூப்பிட்டவர் என்ன விலை கேட்கிறாரோ, அந்த மணி நேரத்துக்கு எல்லாருக்கும் அதுதான் விலை. 5 பென்ஸுக்கே கட்டுபடியாகிற காற்றாலைக்கும் அதே விலை.

நம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின விடியற்காலை போய் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம். சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் மல்லிகை வளர்த்த விவசாயியும் வருவார், லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவரும் வருவார், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் கூடை கூடையாக வந்து இறங்கும். ஒவ்வொருவருக்கும் செலவு வேறு வேறு. ஆனால் கமிஷன் கடையில் அன்றைக்கு மல்லிக்கு ஒரே ரேட்தான். பனிக்காலத்தில் வரத்து குறைந்து, கடைசிக் கூடை எந்த விலைக்கு வந்து சேருகிறதோ, முதல் கூடையும் அந்த விலைக்கே போகும். கிணறு உள்ளவர் ‘எனக்குச் செலவு குறைவு, பாதி விலைக்கே தருகிறேன்’ என்று சொல்ல மாட்டார், சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

பிரிட்டன் மின்சாரச் சந்தையில் அந்தக் கடைசிக் கூடை ஏறத்தாழ எப்போதுமே கேஸ்தான். 2021-ல் 97 சதவீத நேரம் கேஸ் நிலையங்கள்தான் விலையைத் தீர்மானித்தன என்பது அங்கே எல்லாரும் எடுத்துக்காட்டும் கணக்கு. அந்த நாட்டு மின்சாரத்தில் கேஸின் பங்கு அப்போது 40 சதவீதம் அளவுக்குத்தான், அதாவது பாதிகூட இல்லை. இருந்தும் முழு மின்சாரத்துக்கும் அது விலை வைத்துவிடுகிறது. போதாததற்கு, ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 2 யூனிட் கேஸை எரிக்க வேண்டும், மீதி சூடாகப் போய்விடும். ஆகவே கேஸில் ஏறும் ஒவ்வொரு பென்னியும் மின்சாரத்தில் இரண்டாக வந்து விடியும், அதற்கு மேல் கார்பன் கட்டணம், அதாவது புகை விடுவதற்குக் கட்டும் பணம் தனி. 2022 ஆகஸ்டில் அங்கே கேஸ் விலை வழக்கத்தைப் போல 10 மடங்குக்கு மேல் போனது. மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 30 பென்ஸைத் தாண்டியது.

ரஷ்யாவிடமிருந்து பிரிட்டன் வாங்கியதே கொஞ்சம்தான், அதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களுடைய கேஸில் பெரும்பகுதி சொந்த வட கடலிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருவது. ஆனால் ஐரோப்பா முழுவதும் ஒரே கேஸுக்குப் போட்டி போடும்போது நார்வேக்காரர் மட்டும் பழைய விலைக்கு ஏன் தருவார்? கேஸிலும் கடைசியாக வாங்குகிறவர் கொடுக்கும் விலையே எல்லாருக்கும் விலை.

சரி, உங்கள் மகள் வாங்குவது பச்சை மின்சாரம் ஆயிற்றே என்று கேட்கிறீர்கள். காற்றாலையிலிருந்து தனிக் கம்பி இழுத்து லெஸ்டர் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, எல்லா மின்சாரமும் ஒரே கம்பிவலையில் கலந்துதான் வருகிறது. ஒரு காற்றாலை 1,000 யூனிட் உற்பத்தி செய்தால் அதற்கு ‘இது இன்ன இடத்தில் காற்றில் விளைந்தது’ என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தச் சான்றிதழை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியாகவே வாங்கலாம், விற்கலாம். மின்சாரத்தை மொத்தச் சந்தையில் கேஸ் விலைக்கு வாங்கிவிட்டு, அதே அளவுக்குச் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டால் அந்த நிறுவனம் ‘100 சதவீதம் பசுமை’ என்று விற்கலாம், சட்டப்படி அதில் தவறில்லை. அந்தச் சான்றிதழ் பல வருடங்களாக மிக மலிவாகக் கிடைத்தது, 1,000 யூனிட்டுக்கு 1 பவுண்டுக்கும் கீழே. ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு யூனிட்டுக்கு வராது.

சில நிறுவனங்கள் காற்றாலைகளோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன, அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த ஒப்பந்தங்களிலும் பல, சந்தை விலையை ஒட்டியே எழுதப்பட்டவை, ஏனென்றால் விற்கிறவர் எப்போதும் சந்தையைப் பார்த்துத்தான் விலை சொல்வார். இதற்கெல்லாம் மேலே ஆஃப்ஜெம் என்ற அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு, ஒரு வீட்டிடம் யூனிட்டுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று 2019 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு வைக்கிறது, அந்த வரம்பும் மொத்தச் சந்தை விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2022-ல் பச்சை, சாதாரணம் என்ற வித்தியாசமில்லாமல் ஏறத்தாழ எல்லாரும் அந்த வரம்பிலேயே போய் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே விலை வந்ததற்கு இதுதான் காரணம்.

ஏமாற்றா என்று நேராகவே கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழ் பொய் இல்லை. ஆனால் அதை வாங்கியதால் விலையும் கேஸிலிருந்து விடுபட்டுவிடும் என்று ஒரு குடும்பத்தை நம்பவிடுவது தவறு, அந்த இலை படத்துக்குப் பக்கத்திலேயே ‘விலை மொத்தச் சந்தையைப் பொறுத்தது’ என்று அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்பது என் திடமான எண்ணம். மகளிடம் அந்த இணைப்பை விட்டுவிடச் சொல்ல வேண்டாம். நிலையான விலை வேண்டுமென்றால் பசுமை என்ற பெயரைப் பார்க்காமல், ஒரு வருடமோ இரண்டு வருடமோ விலை மாறாத ஒப்பந்தமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் கடைசி விலையைக் கொடுப்பது அநியாயமாக இருக்கிறதே. அவரவர் கேட்ட விலையை மட்டும் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்)

பதில்: தீராது தம்பி. கேட்டதைத்தான் கொடுப்போம் என்று சட்டம் போட்ட மறுநாளே காற்றாலைக்காரர் கேட்கும் விலை மாறிவிடும். இன்று கேஸ் எவ்வளவுக்குப் போகும் என்று கணித்து, அதற்கு ஒரு பென்னி குறைவாகக் கேட்பார். கணிப்பு தப்பினால் மலிவான காற்றாலை வெளியே நிற்க, கேஸ் நிலையம் உள்ளே ஓடும், அது இன்னும் மோசம். ஒரே விலை என்ற ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் தன் உண்மைச் செலவைச் சொல்வதில் நஷ்டமில்லை, அதனால் மலிவானது முதலில் ஓடுகிறது. நிலையங்களை எந்த வரிசையில் ஓட்டுவது என்பதற்கு அது நல்ல முறை. ஆனால் வீட்டுக்காரர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அதே முறையிடம் விட்டதில்தான் கோளாறு.

அதைச் சரிசெய்யும் வழியும் பிரிட்டனிலேயே இருக்கிறது. 2014-லிருந்து புதிய காற்றாலைகளோடு அரசுத் தரப்பு நிறுவனம் ஒன்று பல வருட ஒப்பந்தம் போடுகிறது: உனக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலை நிச்சயம். சந்தை அதற்குக் கீழே போனால் குறைவை நாங்கள் தருவோம், மேலே போனால் அதிகத்தை நீ திருப்பிக் கொடு. 2022 ஜூலையில் முடிந்த ஏலத்தில் கடல் காற்றாலைகள் ஒத்துக்கொண்ட விலை யூனிட்டுக்கு 3.7 பென்ஸ் (2012-ம் வருட விலைமட்டத்தில்). சந்தை 30 பென்ஸில் இருந்த அதே கோடையில்! பழைய ஒப்பந்தக்காரர்களும் அந்த நெருக்கடியில் உண்மையாகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது எல்லா மின் விநியோக நிறுவனங்களுக்கும் பகிரப்பட்டது. பசுமை வாங்கியவருக்கு மட்டும் என்று இல்லை, எல்லாருக்கும்.

அப்படியானால் பில் ஏன் ஏறியது என்று அடுத்து கேட்பீர்கள். அந்த மாதிரி ஒப்பந்தத்துக்குள் இருந்தது கொஞ்சம் மின்சாரம்தான். 2002-ல் தொடங்கி 2017-ல் புதியவர்களுக்கு மூடப்பட்ட பழைய திட்டத்தில் கட்டிய காற்றாலைகளும் சூரியப் பண்ணைகளும் நிறைய. அவற்றுக்குச் சந்தை விலையும் உண்டு, அதற்கு மேல் மானியமும் உண்டு. சந்தை விலை தாழ்ந்திருந்தபோது அது நியாயமான ஏற்பாடு. சந்தை எகிறியபோது ஒரே மின்சாரத்துக்கு இரண்டு பக்கமும் வருமானம் வந்தது, குளிரில் ஹீட்டர் போடாமல் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் அதைக் கட்டின. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. 2023 ஜனவரியில் அரசு அந்த அதிக வருமானத்துக்கு 45 சதவீதம் வரி போட்டது. அதற்குள் அந்தக் குளிர்காலத்தில் பாதி போய்விட்டது.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2022 ஜூனில் வேறு வழி எடுத்தன, மின்சாரத்துக்குப் போகும் கேஸுக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு வைத்து மீதியை ஈடுகட்டின. அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் நிரந்தரமாக விலை இறங்க ஒரே வழி, கேஸைக் கூப்பிட வேண்டிய மணி நேரங்களைக் குறைப்பது. காற்றாலை கூடி, அந்த 97 சதவீத நேரம் என்பது 90 ஆவதால் மட்டும் பில்லில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாதிக்குக் கீழே போனால் நன்றாகவே தெரியும். அதுவரை மக்கள் பொறுமை தாங்குமா என்பதுதான் அந்த நாட்டு அரசியலில் பெரிய கேள்வி.

கேள்வி: ஆண்டிபட்டிக் கணவாயில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளும்போதே சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்கின்றன. கரண்ட் மிச்சம் என்றால் எங்களுக்கு விலையைக் குறைக்கலாமே? (வாசகர், ஆண்டிபட்டி)

பதில்: பழுது பார்ப்பதற்காக நிற்பதும் உண்டு. மற்றபடி காற்றுக் காலத்தில் நள்ளிரவில் தேவை குறையும், காற்று குறையாது. அனல்மின் நிலையங்களை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது, 55 சதவீதத்துக்குக் கீழே அவற்றை இறக்குவதே சிரமம், காலையில் மறுபடி அவை வேண்டும். அதனால் காற்றாலையைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்கிறார்கள். மின்சாரத்தைக் கொண்டுபோகும் லைன் போதாமல் நிறுத்துவதும் உண்டு. காற்றாலை மின்சாரத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதே விதி, ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது. இரவு 2 மணிக்கு வீணாவதை மாலை 7 மணிக்கு வைத்துக்கொள்ள முடிந்தால் விலை குறையும், அதற்கு பேட்டரியும், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையமும் வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்துக் கதை இருக்கட்டும். நம் தமிழ்நாட்டிலும் கேஸ் விலை ஏறினால் காற்றாலை மின்சாரம் விலை ஏறுமா? ஏறாது என்றால் ஜூலை மாதம் வந்தாலே கட்டணம் உயர்கிறதே, அது எதனால்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி)

பதில்: ஐயா, நம் ஊரில் கேஸுக்கு அந்த அதிகாரம் இல்லை. இந்தியா முழுவதும் 100 யூனிட்டில் 2, 3 யூனிட்தான் கேஸில் வருகிறது. நமக்குப் பக்கத்தில் ராமநாதபுரம் வழுதூரில் அரசின் கேஸ் மின்நிலையம் ஒன்று இருக்கிறது, அது உள்ளூர்க் கேஸில் ஓடுவது, விலையைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதில்லை. இங்கே கடைசிக் கூடை நிலக்கரி.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. நாட்டில் விற்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் மின்சாரச் சந்தையில் ஏலம் போகிறது. மீதியெல்லாம் 25 வருட ஒப்பந்தம் மாதிரி முன்பே விலை பேசி எழுதியது. கமுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், 2016-ல் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதன் மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று 25 வருடத்துக்கு ஒப்பந்தம். உக்ரைனில் என்ன நடந்தாலும், நிலக்கரி எவ்வளவு விற்றாலும் அந்த 7.01 மாறாது. உங்கள் கேள்விக்கு அதுவே பதில்: ஒப்பந்தத்தில் உள்ள காற்றுக்கும் வெயிலுக்கும் வேறு எரிபொருளின் விலை ஒட்டாது.

ஆனால் நிலையான விலை எந்த விலையில் நிலைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கமுதி திறந்து ஒரு வருடம் ஆவதற்குள், 2017-ல் தமிழ்நாடு விட்ட சூரிய மின்சார டெண்டரில் 3 ரூபாய் 47 காசுக்குத் தர ஆள் வந்தார்கள், 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது. ஒரு விலையை 25 வருடத்துக்குக் கட்டிப்போடும் முன் ஏலம் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஆதாரம் கிடக்கிறது.

சந்தையில் வாங்கும் அந்தக் கொஞ்சத்தில் மட்டும் நமக்கும் லெஸ்டர் கதைதான். அங்கே மணிக்கு ஒரு விலை என்றால் இங்கே 15 நிமிடத்துக்கு ஒரு விலை, கடைசியாக எடுத்தவரின் விலையே எல்லாருக்கும். 2022 மார்ச்சில் நிலக்கரித் தட்டுப்பாட்டில் அது 20 ரூபாயைத் தொட்டது, மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்து, அடுத்த வருடம் அதை 10 ஆக்கியது. 2021 அக்டோபரிலிருந்து பசுமை மின்சாரத்துக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. அங்கே விலை போகாத பசுமை மின்சாரம் சாதாரணச் சந்தைக்கு மாறிக்கொள்ளலாம், அதனால் இரண்டு விலையும் ஒன்றை ஒன்று விட்டு வெகுதூரம் போவதில்லை.

நம் வாரியம் சந்தைக்குப் போவது பெரும்பாலும் மாலையில். சித்திரை வெயிலில் பகல் முழுக்கச் சூரிய மின்சாரம் தாராளம், சந்தையில் 2, 3 ரூபாய்க்குக் கிடைக்கும். 6 மணிக்கு வெயில் இறங்கும், அந்நேரம்தான் மதுரையில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடத் தொடங்கும், காற்றுக் காலமும் இன்னும் வந்திருக்காது. அதே சந்தையில் மாலை 10 ரூபாய் வரம்பை முட்டிய நாட்கள் உண்டு. கப்பலூர்ப் பக்கம் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைகளைக் கேட்டால் தெரியும், உச்ச நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். பகலில் மலிவாக வருவதால் மாலையில் வரும் செலவு குறைந்துவிடாது.

ஜூலை உயர்வு இதோடு நேரடியாகச் சேர்ந்ததில்லை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட 2022 செப்டம்பர் கட்டண ஆணையில், ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீடு ஏறிய அளவுக்கு, 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் உயர்த்தலாம் என்று எழுதிவிட்டார்கள். அதன்படி 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம். 2025 உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. வாரியத்தின் லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனும் அதன் வட்டியும் பின்னால் நிற்கின்றன. இறக்குமதி நிலக்கரியும் அதில் ஒரு பங்கு: 2022-ல் விலை உச்சத்தில் இருந்தபோது வெளிநாட்டு நிலக்கரியைக் கலந்து எரிக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு சொன்னது. அப்போது ஏறிய செலவு, பில்லில் தனி வரியாக வராமல் கடனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்துக்காரர் உடனே கட்டினார், நாம் வட்டியோடு பின்னால் கட்டுகிறோம். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, ஆனால் இரண்டாவது கண்ணில் படுவதில்லை, அதனால் அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு மகிழ்ச்சி.

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்றிருக்கிறேன். போட்ட பிறகும் கட்டண உயர்வு என்னைப் பாதிக்குமா? (வாசகி, திருநகர்)

பதில்: குறைவாகப் பாதிக்கும் அம்மா. உங்கள் கூரையில் விளைந்து நீங்களே செலவழிக்கும் யூனிட்டுக்குச் சந்தையும் இல்லை, ஆணையமும் இல்லை, பேனலுக்குப் போட்ட பணம்தான் அதன் விலை. வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் இருப்பதால் பகலில் மிஞ்சி வெளியே போகிற யூனிட், இரவில் எடுத்த யூனிட்டில் கழியும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்குமேல் போகப் போக யூனிட் விலை கூடும் என்பது தெரியும்தானே, சோலார் குறைப்பது அந்த மேல் அடுக்கு யூனிட்டுகளைத்தான். ஆகவே இரண்டு மாதத்துக்கு 500-க்கு மேல் ஓடும் வீட்டுக்கு நல்ல லாபம், 200-க்குள் ஓடும் வீட்டுக்கு அவசரமில்லை. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், 2024-ல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில். விண்ணப்பிக்கும் முன் கடைசி ஒரு வருடத்து இ.பி. அட்டை கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். பக்கத்துத் தென்னையின் நிழல் பிற்பகல் 3 மணிக்கு மாடியில் எங்கே விழுகிறது என்பதையும் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.